எடனர்செப்ட் ஊசி போடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு ஆறு வருஷமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுத்தும் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரமாகிறது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் பிடிக்கிறார். இப்போது டாக்டர் எடனர்செப்ட் சொல்கிறார், வாரம் 50 மில்லிகிராம்.

வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்துவைக்க உடம்பே ரத்தத்தில் ஏற்பிகளை, அதாவது அது வந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்களை, மிதக்கவிடுமாம். மூட்டுக்கு அது போதாதபோது, அதே ஏற்பியைப் பார்த்துச் செய்த மருந்து இது. 1998இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, பயம்தான் போகவில்லை.

காசநோய்ப் பரிசோதனை முடிந்தது. ஊசியை 2–8 டிகிரியில் வைக்கணும். எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வீட்டிலேயே போடுகிறீர்களா? எத்தனை வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது? பயோசிமிலர் (இதே மருந்தைப் போல வேறு கம்பெனி செய்வது) போடுபவர்களும் சொல்லுங்களேன்.