யோசேவாஸ் அடிகளார்: உங்களுக்கு நடந்தது ஏதாவது உண்டா?

பண்டத்தரிப்பான்

ஜனவரி 16, புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள் வருகிறது. திருநாளுக்கு முதல் இதை எழுதிவிட வேண்டும் என்று கன நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடிகளாரின் கதையை இங்கே முழுக்கச் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரனாக யாழ்ப்பாணம் வந்து, செபமாலையைக் கழுத்தில் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, அதைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தபடி படலை படலையாகப் போனவர். எங்கள் பக்கத்துச் சில்லாலைச் சனம்தான் அவரை ஒளித்து வைத்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு. போரில் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு. நாவற்குழிப் பாலம் போகிற வழி முழுக்கச் சனம், மேலே மழை, ஓர் அடி வைத்தால் பிறகு நிற்க வேண்டும். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி மாமா தள்ளிக்கொண்டு வந்தார், நான் பின்னால் பையோடு. நின்ற ஓர் இடத்தில் ஒரு மனிசன், சாரமும் கிழிந்த சேர்ட்டும், செபமாலை சேர்ட்டுக்கு மேலே, எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். எங்களிடம் இருந்தது ஒரு றாத்தல் பாண். மாமா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அம்மம்மா பாதியைப் பிய்த்துக் கொடுத்தா. அவர் அந்த இடத்திலேயே நின்று, மழையில் ஊறின பாணை, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். பிறகு மாலையைச் சேர்ட்டுக்குள் விட்டு, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நாங்கள் வந்த பக்கமாக நடக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்கு. அந்தச் சனத்துக்குள் எதிர்ப்பக்கம் போன வேறு ஒருத்தரையும் நான் காணவில்லை.

"வாஸ் சாமியடா" என்றா அம்மம்மா. சாகும்வரை அதைத்தான் சொன்னா. நான் அப்படிச் சொல்லமாட்டேன், வீட்டில் யாரையோ விட்டுவிட்டு வந்து திரும்பிப் போன மனிசனாக இருக்கும். ஆனால் மாலையை ஏன் உள்ளே விட்டார்? அதுதான் குடைகிறது. உங்களுக்கும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

முத்துநகர்க்காரி

எங்கள் தூத்துக்குடியில் இவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் கோவாவிலிருந்து நடந்தே வந்து, கூலியாள் வேஷத்தில், யோவான் என்ற பையனைக் கூட்டிக்கொண்டு அவர் கப்பல் ஏறினது எங்கள் கரையில்தான். அப்போது இங்கேயும் டச்சுக்காரன் ஆட்சி.

ஒரு மே மாதம் பனிமய மாதா கோயிலில் கோவாப் பெரியவர் ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். அடிகளார் எந்த இடத்தில் கப்பல் ஏறினார் என்று காட்ட வேண்டுமாம். அதை யார் கண்டது? சும்மா விடமாட்டார் போலிருந்ததால் தெரிந்த ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டுப் பழைய துறைமுகத்துப் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மத்தியான வெயில். இறங்கின உடனே செருப்பைக் கழற்றிவிட்டார். குருப்பட்டம் வாங்கினதிலிருந்தே வாஸ் அடிகளார் செருப்புப் போடவில்லை என்றார், அதனால் இவரும் போடக்கூடாதாம். மணல் சுட்டு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குகிறார், சிரிப்பு வேறு. "ஐயா, கொப்பளம் வந்துரும், ஏறுங்க" என்று ஆட்டோ அண்ணன் கத்துகிறார். கேட்டால்தானே. கடைசியில் ஸ்டேஷனில் இறங்கும்போது அந்தச் செருப்பை ஆட்டோ அண்ணனுக்கே கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பிளாட்பாரத்தில் போய்விட்டார். அண்ணனுக்கு அளவு சேரவில்லை. ரொம்ப நாள் ஆட்டோவில் பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஏறும்போதெல்லாம் பார்ப்பேன், தூக்கிப் போடச் சொல்லவும் மனசு வரவில்லை.

மலைநாட்டுத் தாதி

பண்டத்தரிப்பான் அண்ணா கோபிக்க வேண்டாம். வழியில் கண்ட ஆளை எல்லாம் அடிகளார் என்று சொல்லத் தொடங்கினால் அவர் செய்த வேலை மறைந்துவிடும். நான் கண்டியில் இருக்கிறேன். இங்கே அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள், சரி. வறட்சியில் அரசன் கேட்டு இவர் செபித்ததும் மழை கொட்டியது, இவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்பார்கள், சரி. படம் வரைகிற எல்லாரும் அதையே வரைகிறார்கள். 1697 அம்மை நோயை ஏன் யாரும் வரைவதில்லை? அரசனும் பெரியவர்களும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள், இவரும் இவருடைய மருமகன் கர்வாலோ அடிகளாரும்தான் குடில் போட்டு, கஞ்சி கொடுத்து, கழுவித் துடைத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். அந்த மருமகன் பெயரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொவிட் வார்டில் இருந்தேன். தலை முதல் கால் வரை அந்த பிளாஸ்டிக் உடுப்பு, கண் மட்டும்தான் தெரியும். ஒரு சிங்களத் தாத்தா, பெளத்தர், பேசவே மூச்சு வாங்கும். முகம் துடைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "துவே (மகளே), முகத்தைக் காட்டு, யார் தண்ணீர் தருகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா" என்று கேட்டார். காட்ட முடியாது. பெயரைச் சொன்னேன். பெயர் வேண்டாம், முகத்தைக் காட்டு என்றார். அடுத்த முறை வேலைக்கு வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள்.

அவ்வளவுதான். மழைக் கதை சொல்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கும்.

மடுவழி

தாதித் தங்கச்சி, மழையை அப்படித் தள்ளிவிட முடியாது. மழை பெய்த பிறகுதானே அரசன் அவரைச் சுதந்திரமாகப் போதிக்க விட்டான்? சிறைக்குள்ளேயே இருந்திருந்தால் 1697இல் யார் குடில் போட்டிருப்பார்கள்? ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அற்புதம் போதாது என்று யாராவது இங்கே கிளம்புவார்கள். 1995இல் கொழும்பில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் இவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார், அது புனிதர் பட்டத்துக்கு முந்திய படி. புனிதர் பட்டத்துக்கு இரண்டாவது அற்புதம் வேண்டும் என்பது வழக்கம், பிரான்சிஸ் பாப்பரசர் அது இல்லாமலே கொடுத்துவிட்டார். இதை வைத்து எங்கள் ஊரில் ஒரு பெந்தெகொஸ்தே நண்பர் என்னை வருடக்கணக்காகக் கிண்டல் செய்தார். நான் அவரிடம் கேட்டது இதுதான்: குருவே இல்லாமல் முப்பது வருடம் கிடந்த ஒரு சபையை, வெறுங்காலோடு நடந்து, தமிழும் சிங்களமும் படித்து, மன்னாரிலும் புத்தளத்திலும் கண்டியிலும் ஒருத்தர் தூக்கி நிறுத்தினால், இன்னும் என்ன அற்புதம் தேவை? பதில் இல்லை. பிறகும் கிண்டல் நிற்கவில்லை, அது வேறு.

என் கதை சின்னது. 2015 ஜனவரி 14. அன்று பின்னேரம் பாப்பரசர் மடு மாதா கோயிலுக்கே வருகிறார், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். ஆனாலும் புனிதர் பட்டம் கொடுக்கிற பூசைக்கு நிற்க வேண்டும் என்று இரவே பஸ் பிடித்துக் காலிமுகத்திடலுக்குப் போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. வீட்டில் பைத்தியம் என்றார்கள். பாப்பரசர் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தார். வெயில் ஏறினதும் மகள் வாடத் தொடங்கிவிட்டாள். பின்னால் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி, ஒன்றும் பேசாமல், தன் லேஞ்சியை (கைக்குட்டையை) போத்தல் தண்ணீரில் நனைத்து அவள் தலையில் போட்டாள். காய்ந்ததும் திரும்ப நனைத்தாள். பூசை முடியும்வரை அதே வேலை. அவள் கும்பிட்டதை நான் பார்க்கவே இல்லை. நன்றி சொல்லத் திரும்பினால் அதற்குள் சனத்தோடு சனமாகப் போய்விட்டாள். லேஞ்சி எங்களிடம்.

மலைநாட்டுத் தாதி

அந்த லேஞ்சிதான் நான் சொன்னதும். நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள் மடுவழி அண்ணா.

நவநாள் அன்ரி

எல்லாரும் நல்லாக எழுதுகிறீர்கள், ஆனால் இளம் பிள்ளைகளுக்கு எப்படி மன்றாடுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. என்னுடைய கதை இரண்டு வரி. மகனுடைய விசா இழுபட்டுக்கொண்டிருந்தது, அடிகளாருக்கு நவநாள் (ஒன்பது நாள் செபம்) செய்தேன், விசா கிடைக்கவில்லை, ஆனால் அவன் ஊரிலேயே நல்ல வேலையில் இருக்கிறான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நவநாளை ஜனவரி 7இல் தொடங்கினால் 15இல் முடியும், அடுத்த நாள் திருநாள். இடையில் ஒரு நாள் விட்டாலும் பயப்படாமல் தொடருங்கள், சிலர் முதலில் இருந்து தொடங்கச் சொல்வார்கள், அது தேவையில்லை. சில்லாலைக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து பண்டத்தரிப்புப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி நடத்துநரிடம் முதலே சொல்லி வையுங்கள், காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் அந்த ஊர்களில் நிழல் குறைவு. கதிரை மாதா கோயிலில் கொஞ்ச நேரம் இருங்கள். பெரிய மெழுகுதிரி வாங்காதீர்கள், சின்னது போதும், மிச்சக் காசுக்கு இரண்டு பாண் வாங்கி வழியில் யாருக்காவது கொடுங்கள். அவர் வயிற்றுளைவு வந்து யாழ்ப்பாணத்தில் கேட்பாரில்லாமல் கிடந்தபோது ஒரு பெண் கஞ்சி கொடுத்துத்தான் பிழைத்தார், ஆகவே சாப்பாட்டு நேர்த்திதான் அவருக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம். தங்கச் சங்கிலி போடுகிறேன் என்று நேர்த்தி வைக்காதீர்கள். ஆயர் பதவி தருகிறோம் என்றதையே வேண்டாம் என்றவர், உங்கள் சங்கிலியை வைத்து என்ன செய்வார்? பிள்ளைகள் சோதனைக்குப் போகும்போது படத்தைப் பையில் வைக்கலாம், ஆனால் படிக்கவும் வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு மன்றாடலாம். பண்டத்தரிப்பான் தம்பி, அம்மம்மாவின் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள், இந்தக் குடைச்சல் நிற்கும்.

பண்டத்தரிப்பான்

அன்ரி, நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லையே.

கோவாவில் ஒரு தமிழன்

வேலைக்காக வந்தவன், கத்தோலிக்கனும் இல்லை, ஆனால் இந்தத் திரியை விடாமல் படிக்கிறேன். அவருடைய அப்பா ஊர் சாங்கோலே, பிறந்தது அம்மா ஊர் பெனாலிமில், 1651. சாங்கோலேயில் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோயிலின் முன்சுவர் மட்டும் நிற்கிறது. 1834இல் தீப்பிடித்துப் போனதாம், பின்னால் ஒன்றுமே இல்லை, வானம்தான். பக்கத்திலேயே அடிகளாரின் திருத்தலம்.

அங்கே என்னை உலுக்கினது ஒரு கடிதம். 1677இல், இலங்கைக்குப் போவதற்கு வெகு முன்பே, தன்னை மாதாவுக்கு நிரந்தர அடிமையாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறப்பு கொங்கணிப் பிராமணக் குடும்பம். அவருடைய ஒரட்டோரியன் சபையிலும் பெரும்பாலும் அதே சமூகத்துக் குருக்கள். அந்தக் காலத்துக் கோவாவில், அந்தச் சாதியில் பிறந்த ஒருத்தர், அடிமை என்று பத்திரம் எழுதுகிறார், பிறகு மூட்டை தூக்குகிறவன் உடுப்போடு ஊர் எல்லை தாண்டுகிறார். நான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா வந்து "கொஞ்சம் தள்ளு" என்று கொங்கணியில் சொல்லிவிட்டு என் காலுக்குக் கீழே துடைத்தாள். நான் தள்ளினேன். திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றேன். திரும்பவும் துடைத்தாள், இந்த முறை என்னை முறைத்துக்கொண்டே.

ஒரு சந்தேகம் மட்டும். வேஷத்தை யாழ்ப்பாணத்தில் கழற்றின பிறகு, அங்கே சாதி பார்க்கிறவர்களை எப்படிச் சமாளித்தார்? யாராவது எழுதுங்கள்.

மூப்பர் பேரன்

கோவாத் தம்பி, அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லட்டும். மழையா அம்மையா என்று அடிபடுகிறவர்களுக்கு ஒன்று. அவர் விட்டுப் போனது மூப்பர்மாரை. ஒரு குரு எத்தனை ஊருக்குத்தான் நடப்பார்? குரு இல்லாத இடத்தில் செபம் சொல்ல, பிள்ளைகளுக்குப் படிப்பிக்க, சாகக் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் இருக்க என்று ஊர் ஊராக மூப்பரும் அண்ணாவியும் வைத்தார். எங்கள் தாத்தா மன்னார்ப் பக்கத்தில் அப்படி ஒரு மூப்பர். ஊரில் அதைப் பெரிதாக எடுப்பதில்லை, கோயில் மணி அடிக்கிற கிழவர் என்றுதான் பெடியள் சொல்வார்கள்.

2009, வன்னி, போரின் கடைசிக் காலம். பங்கருக்குள் ஒரு பிள்ளை பிறந்து, பிழைக்காது போலிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கப் பாதரைத் தேடிப் போக வழியில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லை. தாத்தா போத்தல் மூடியில் அளந்து எடுத்தார். ஒரு மூடி. கை நடுங்கிச் சிந்திவிடும் என்று மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்று தரமாகப் பிரித்து ஊற்றினார். வெளியே ஷெல் விழுகிறது, இந்த மனிசன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரம், கெதியாகச் சொல்லு தாத்தா என்று கத்தினேன்.

பிள்ளை பிழைத்தது. பிறகு முகாமுக்கு வந்த பாதர், என்ன சொல்லி ஊற்றினீர்கள், தலையில் தண்ணீர் ஓடினதா என்று விசாரித்தார். தாத்தா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பி நின்று ஒப்புவித்தார். பாதர் சரி என்று எழுதிக்கொண்டார்.

புத்தளம் பக்கத்தில் இன்னும் மூப்பர்மாரை ஊர் கூடித்தான் தெரிவு செய்கிறார்களா, இல்லை பாதரே நியமிக்கிறாரா? எங்கள் ஊரில் இப்போது அதற்கு ஆள் கிடைப்பதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.