புதுப்பிப்பு: போனில் பெயர் தேடும் தொல்லை ஒருவழியாகக் குறைந்தது

ஆயிரத்துக்கும் மேல் எண்கள் சேர்ந்துவிட்டன, அவசரத்துக்கு ஒருவரைத் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன், இல்லையா? "எண்பலகையிலேயே தேடுங்களேன்" என்று சிலர் சொன்னதைத்தான் முதலில் முயன்றேன்.

மணியை அழைக்க 6264 தட்டினால் போதும். 6-இல் எம், 2-இல் ஏ, மறுபடி 6-இல் என், 4-இல் ஐ. (நானிக்கும் அதே 6264தான். இரண்டு பேரும் சேர்ந்தே வருகிறார்கள், இருக்கட்டும்.) ஆண்ட்ராய்டில் இது பல வருடமாகவே உண்டு, ஐபோனுக்கு 2024-இல் ஐஓஎஸ் 18 வந்தபோதுதான் கிடைத்தது. இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்தது என் தவறுதான்.

ஆனால் தமிழில் சேமித்த பெயர்கள் என் போனில் இப்படிச் சிக்கவில்லை. சரி என்று, அடிக்கடி பேசும் முப்பது பேரை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். மற்றவர்கள் அப்படியே கிடக்கட்டும்.

அம்மாவுக்கு மட்டும் முகப்புத் திரையில் நேரடியாக அழைக்கும் குறுவழி வைத்தேன். படத்தைத் தொட்டாலே அழைப்பு போய்விடும். பாக்கெட்டுக்குள் இருந்தபடியே மூன்று முறை போயும்விட்டது! அப்புறம் அதை இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்திவிட்டேன்.