மாருதி 800: ஹெட்லைட் மாற்றிய பிறகு வலது பக்கம் மட்டும் மங்கல்

கேள்வி:
1998 வண்டி. ஈசிஆரில் ராத்திரி பாதையே தெரியவில்லை என்று 60/55 வாட் (பிரைட்/டிம்) எச்4 பல்பைக் கழற்றி 100/90 போட்டேன், கூடவே பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் ரிலே கிட்டும். முதல் வாரம் அருமை. ஒரு மழைக்குப் பிறகு, டிம் போட்டால் வலது பக்கம் மட்டும் மஞ்சளாக எரிகிறது, உற்றுப் பார்த்தால் அந்தப் பல்பில் இரண்டு ஃபிலமென்ட்டுமே லேசாகச் சிவந்திருக்கிறது. பல்புகளை இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன், அதே கதைதான். புது கிட் வாங்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம் சார், அது எர்த் கோளாறு, அதாவது பல்பிலிருந்து கரண்ட் வண்டி பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. வலது எர்த் விட்டுப்போனால் கரண்ட் டிம் ஃபிலமென்ட் வழியாக வந்து, பிரைட் ஃபிலமென்ட்டில் ஏறி, இடது பக்கம் சுற்றித்தான் வெளியேறும். எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் பளபளவென்று தகரம் தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். கடற்காற்று ஊரில் இது அடிக்கடி வரும். அப்புறம் லைட் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பல்பு ஹோல்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் சரியாகவில்லை.

பதில் 2:
ஹோல்டரையும் பாருங்க அண்ணா. 100 வாட் பல்பு ஒன்றுக்கே எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதா பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிவிடும். சென்னை ஜி.பி. ரோட்டில் செராமிக் ஹோல்டர் கிடைக்கும். என்னைக் கேட்டால் ரிலேவை வைத்துக்கொண்டு 60/55-க்கே திரும்புங்கள். முழு வோல்ட்டேஜ் கிடைத்தாலே வெளிச்சம் நன்றாக ஏறும், எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணும் கூசாது.

கேட்டவர்:
எர்த் போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. தேய்த்து மாட்டினேன், இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். வலது ஹோல்டர் ஓரம் பழுப்பேறியிருக்கிறது, நாளைக்கே மாற்றிவிடுகிறேன். ரொம்ப நன்றி.