நம்ம சொந்தங்கள் குரூப்: கடையில உக்கார சட்டம் இருக்கா?

செல்வி: யாராச்சும் சொல்லுங்க, துணிக்கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு சட்டம் இருக்காம், கூட வேலை பாக்குற பொண்ணு சொல்லுது, நெசமா? காலையில ஒம்பதரைக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கிறோம், கஸ்டமர் இல்லாதப்ப ரேக்ல லேசா சாஞ்சா கூட சூப்பர்வைசர் சத்தம் போடுறாரு, கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு ராத்திரி தூக்கமே வரல

பிரபு: ஆமாக்கா இருக்கு. ரெண்டாயிரத்தி இருபத்தொண்ணுல ஜிஓ போட்டாங்க

முருகேசன் மாமா: ஜிஓ இல்ல பிரபு, சட்டத் திருத்தம். ரெண்டும் வேற வேற. ஜிஓங்கிறது அரசாங்கம் தனக்கு ஏற்கனவே இருக்கிற அதிகாரத்துல போடுற உத்தரவு, செகரட்டேரியட்லேந்து வந்துரும், நாளைக்கே இன்னொரு ஜிஓ போட்டு மாத்தியும் விடலாம். சட்டம்னா மசோதாவா சட்டசபையில வச்சு, ஓட்டுக்கு விட்டு, கவர்னர் ஒப்புதல் குடுத்து, கெசட்ல, அதான் அரசிதழ்ல வரணும்

முருகேசன் மாமா: செல்வி, உனக்கு வேண்டியது 1947 தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம். அதுல 2021ல 22-ஏ ன்னு ஒரு பிரிவு புதுசா சேத்தாங்க. அந்த வருசம் செப்டம்பர் 6 அன்னைக்கு மசோதா சபைக்கு வந்துச்சு

செல்வி: அதுல என்னதான் மாமா எழுதியிருக்கு

முருகேசன் மாமா: கடையில வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார ஏத்த இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல எப்ப வாய்ப்பு கெடைக்குதோ அப்ப உக்காந்துக்கலாம், நேரம் பூரா நின்னுக்கிட்டே இருக்கிற நெலமை வரக்கூடாது. அவ்ளோதான், ஒரே வாக்கியம். ஆனா "எல்லாருக்கும்"னு இருக்கு பாரு, அப்ப மூலையில ஒத்த ஸ்டூலை போட்டுட்டு போட்டாச்சுன்னு சொன்னா செல்லாது

சாந்தி அத்தை: உக்காரதுக்கெல்லாமா சட்டசபை கூடி சட்டம் போடணும், மனுசனுக்கு மனுசன் செய்ய வேண்டியது தான இது

கவிதா: செய்யலயே அத்தை. இதுக்கு மொதல்ல போராடுனது கேரளாவுல கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைகள்ல நின்ன பொண்ணுங்க. பாத்ரூம் கூட போக முடியாம தண்ணியே குடிக்காம இருந்தவங்க. விஜின்னு ஒரு தையல் வேலை பாத்த அம்மாதான் அவங்களை எல்லாம் சேத்து பெண்கூட்டுன்னு அமைப்பு ஆரம்பிச்சாங்க, வருசக்கணக்கா போராடி 2018ல கேரளா சட்டத்தை மாத்துச்சு. அதுக்கப்புறம் தான் நம்ம ஊர்ல. எங்க காலேஜ்ல மசோதா எப்படி வருதுன்னு படம் போட்டு நடத்துவாங்க, அந்தப் படம் மந்திரி கிட்டேந்து தான் ஆரம்பிக்கும், எனக்கு அது ஒத்துக்கவே முடியல. இந்தப் பொண்ணுங்க கிட்டேந்து ஆரம்பிக்கணும் அந்தப் படம்

பிரபு: அப்ப ஃபேக்டரில 12 மணி நேர வேலைன்னு ஒரு சட்டம் வந்துச்சே அது இப்ப இருக்கா இல்லயா, எங்க யூனிட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க

கவிதா: இல்ல. 2023 ஏப்ரல் 21 சபையில நிறைவேறுச்சு, கூட்டணி கட்சிக்காரங்களே வெளிநடப்பு பண்ணாங்க, தொழிற்சங்கம் எல்லாம் எதிர்த்துச்சு, 24ந் தேதி நிறுத்தி வைக்கிறோம்னாங்க, மே 1 வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சுட்டாரு. சபையில பாஸ் ஆன செய்தியை மட்டும் பாத்தவங்க சட்டம் வந்துருச்சுன்னே நெனச்சுட்டு இருக்காங்க. பாஸ் ஆனா அது இன்னும் மசோதா தான்

பிரபு: கவர்னர் கையெழுத்து போடலன்னா?

கவிதா: அரசியலமைப்புச் சட்டம் 200வது பிரிவு படி ஒப்புதல் தரலாம், மறுபடி பாருங்கன்னு திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்புனதை சபை மறுபடியும் நிறைவேத்துனா அப்ப ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆனா இத்தனை நாளுக்குள்ளன்னு அதுல எழுதல, கோர்ட்டு கெடு வைக்க முடியாதுன்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. ஜனங்க ஓட்டு போட்டு அனுப்புன சபை நிறைவேத்துனது கெடு இல்லாம கெடக்கலாம்னா அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு

செல்வி: சரி இந்த 22-ஏ கையெழுத்தெல்லாம் ஆனதுதான?

முருகேசன் மாமா: எல்லாம் ஆயிருச்சும்மா, நடப்புல இருக்கிற சட்டம். ஆனா ஒண்ணு சொல்றேன், நான் லேபர் ஆபீஸ்ல இருந்தவன். இன்ஸ்பெக்சன் போறோம்னு தெரிஞ்சா ஸ்டாக் ரூம்லேந்து ஸ்டூலை கொண்டாந்து வரிசையா போடுவாங்க, மேல சுத்துன பிளாஸ்டிக் கவர் கூட பிரிச்சிருக்காது. உக்காருங்கன்னு சொன்னா அந்தப் புள்ளைங்க முதலாளி மூஞ்சியத்தான் பாக்கும்

செல்வி: எங்க கடையிலயும் மாடியில அடுக்கி தான் மாமா இருக்கு. கேட்டா வேலையை விட்டு நிறுத்திருவாங்களோன்னு பயமா இருக்கு

முருகேசன் மாமா: அதுனால தனியா போயி கேக்காத. தொழிலாளர் உதவி ஆய்வருக்கு ஒரு மனு, பிரிவு நம்பரை தெளிவா போட்டு, எல்லாரும் சேந்து கையெழுத்து போடுங்க, இல்லன்னா சங்கத்து மூலமா குடுங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் ஒரு காப்பி குடுத்து ரசீது வாங்கிக்கோ. மனுவுல ஸ்டூல் இல்லைன்னு எழுதாத, மாடியில இருக்கு, உக்கார விட மாட்டேங்குறாங்கன்னு எழுது

சாந்தி அத்தை: பொண்ணுங்க எத்தன பேரு செல்வி ஒங்க கடையில

செல்வி: எங்க ஃப்ளோர்ல மட்டும் பதினாலு பேரு அத்தை. நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல பேசிப் பாக்குறேன், ரெண்டு மூணு பேரு கண்டிப்பா வருவாங்க. கவிதா, அந்தப் பிரிவை தமிழ்ல அடிச்சு அனுப்புடி, பிரிண்ட் எடுத்துக்குறேன்

கவிதா: ராத்திரிக்குள்ள அனுப்புறேன்க்கா, கெசட் பக்கத்தையும் சேத்து. மனு நான் எழுதுறேன், மாமா ஒரு தடவை பாத்துருங்க

முருகேசன் மாமா: அனுப்பு, முழிச்சுத்தான் இருப்பேன்