சீரியல், வெப் சீரிஸ் நெருக்கக் காட்சிகள்: அந்தப் பாத்திரம் நிஜமாகவே அப்படி நடந்துகொள்ளுமா?

வண்ணை_வாசகி

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி, கொஞ்சம் வெளிப்படையாகவே கேட்கிறேன்.

டிவி சீரியலோ ஓடிடி தொடரோ, கணவன் மனைவியோ காதலர்களோ நெருங்குகிற காட்சி வந்ததும் அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள். எவ்வளவு காட்டுகிறார்கள் என்பது என் பிரச்சினை இல்லை. சீரியலில் எதையும் காட்டுவதில்லை, ஓடிடியில் நிறையவே காட்டுகிறார்கள், ஆனால் இரண்டிலும் எனக்கு ஒரே குறைதான்.

சீரியலை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லாமல் கல்யாணம் ஆன ஜோடி. தன் தங்கை வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று அவள் அவனை வெறுக்கிறாள், அவன் மாதக்கணக்கில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறான். ஒருநாள் ஸ்டூலில் ஏறி அலமாரி மேலிருந்து எதையோ எடுக்கப் போவாள், கால் வழுக்கும், அவன் தாங்கிப் பிடிப்பான், அதை மூன்று கோணத்தில் மூன்று தடவை போடுவார்கள், பாட்டு ஓடும், இருவரும் கண்ணைப் பார்த்தபடி நிற்பார்கள். அந்த நேரத்தில் தங்கை விஷயம் எங்கே போனது? வெறுக்கிற ஒருவன் தொட்டால் உடம்பு முதலில் விறைக்கும், கையைத் தட்டிவிடும். அதற்கப்புறம்தானே மற்றதெல்லாம்?

ஓடிடியில், ராத்திரி பகலாகத் தூங்காமல் கொலையாளியைத் தேடுகிற போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார். அழுக்குச் சட்டை, மனைவியோடு பேச்சுவார்த்தை நின்று வெகுநாள். உடனே மஞ்சள் விளக்கு, வெள்ளைப் படுக்கை விரிப்பு, மெல்லிய இசை. அடுத்த காட்சியில் இருவரும் அதைப் பற்றி நினைத்ததாகக்கூடத் தெரியாது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டி வேறு எந்தத் தொடரில் ஒட்டினாலும் பொருந்தும், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் பக்கம் நிறைய வீடு ஒரு அறையும் சமையல்கட்டும்தான். மாமியார், பிள்ளைகள், நடுவில் ஒரு திரை. இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நெருக்கம் என்பதில் பாதி, யாரும் விழித்துக்கொள்ளாமல் இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பதுதான். வடசென்னையில் நடக்கிற கதை என்று சொல்லி எடுக்கிறவர்களும் இதைத் தொடுவதில்லை. உங்களுக்கு ‘ஆமாம், இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்’ என்று பட்ட காட்சி ஏதாவது உண்டா? ஏன் அப்படிப் பட்டது?

கட்டிங்_டேபிள்

அக்கா, நான் பெரம்பூர். சீரியல் எடிட்டிங்கில் இருக்கிறேன். எந்த சீரியல் என்று சொல்ல வேண்டாம், ஆனால் ஏன் அப்படி வருகிறது என்று சொல்ல முடியும்.

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20, 22 நிமிடம் ஓட வேண்டும், அது வாரம் முழுக்க. சீன் பேப்பர் பெரும்பாலும் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வசனத்தை பிராம்ப்ட் செய்ய, நடிகர்கள் கேட்டுக் கேட்டுச் சொல்வார்கள். சண்டைக் காட்சிக்கு இரண்டு பக்கம் வசனம் இருக்கும். நெருக்கமான காட்சிக்கு ஒரே வரிதான்: ‘இருவரும் தங்களை மறந்து பார்க்கிறார்கள், மாண்டேஜ்.’ மாண்டேஜ் என்றால் வசனமில்லாமல் பாட்டோடு ஓடுகிற துண்டுக் காட்சிகள். அவள் என்ன நினைக்கிறாள், அவன் கையை எங்கே வைக்கிறான், யார் முதலில் விலகுகிறார்கள், எதுவும் எழுதப்பட்டிருக்காது. அந்த இரண்டு பேரும் சில சமயம் போன வாரம்தான் அறிமுகம் ஆனவர்கள். கூச்சத்தில் உடம்பு மரத்துப்போய் நிற்பார்கள், அந்த மரத்துப்போனதைத்தான் நாங்கள் ஸ்லோ மோஷனில் போடுகிறோம். இன்னொரு உண்மையும் சொல்கிறேன், எபிசோடுக்கு ஃபுட்டேஜ் குறைந்தால் முதலில் இழுத்து நீட்டப்படுவது இந்தக் காட்சிதான். நீங்கள் பார்க்கிற அந்த மூன்று தடவைக்கு அதுவும் ஒரு காரணம்.

சண்டைக்கு ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார், பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் இருக்கிறார், இதற்கு மட்டும் ஆளே கிடையாது. அமெரிக்காவில் ஹெச்பிஓ சேனலின் ‘தி டியூஸ்’ தொடரில் நடித்த எமிலி மீட் கேட்டுக்கொண்ட பிறகு, 2018ல் அலீஷியா ரோடிஸ் என்பவரை இன்டிமசி கோஆர்டினேட்டராக வைத்தார்கள். அதே வருஷம், இனி இப்படிப்பட்ட காட்சி உள்ள எல்லாத் தொடருக்கும் ஒருவர் இருப்பார் என்று அறிவித்தார்கள். நடிகர்கள் எதற்குச் சம்மதிக்கிறார்கள், எதற்கு இல்லை என்று முன்கூட்டியே பேசி, அசைவுகளை ஒவ்வொன்றாக அமைத்து ஒத்திகை பார்ப்பதுதான் அவர் வேலை. இங்கே இந்தியில் ‘கெஹ்ராயியான்’ படத்துக்கு 2022ல் டார் காய் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இதை நடிகைகளின் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்று மட்டும் பார்க்காதீர்கள். பாதுகாப்பு முதல் காரணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கை எங்கே போகும் என்று பயப்படாத நடிகைதான் பாத்திரத்தைப் பற்றி யோசிக்க முடியும். பயத்தில் இருப்பவர் ‘கட்’ எப்போது சொல்வார்கள் என்று மட்டும்தான் யோசிப்பார்.

மணலி_ஷிஃப்ட்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் சகோதரி. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு எபிசோட் பார்க்கிறவன் நான். திரைக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுகிறார் என்பதை டிவியில் வேறு பார்க்க வேண்டுமா? வெள்ளை விரிப்பும் மஞ்சள் விளக்கும் எங்களுக்குக் கிடைக்காததால்தான் அது நன்றாக இருக்கிறது. எல்லாவற்றிலும் நிஜத்தைத் தேடினால் கதை எதற்கு? எனக்கு அந்தக் காட்சியில் இரண்டு பேர் சந்தோஷமாக இருந்தால் போதும்.

சுனாமி_குடியிருப்பு

மணலி அண்ணா, சந்தோஷமாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் யார் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டாமா?

வாசகி அக்கா கேட்டதற்கு என் பதில் ‘அவுட்லேண்டர்’ தொடரின் முதல் சீசனில் வரும் கல்யாண எபிசோட், 2014ல் வந்தது. நம் சீரியல்களின் கட்டாயக் கல்யாணம் மாதிரியேதான் அதுவும். 1945ல் இருக்கிற கிளேர் என்ற நர்ஸ், ஸ்காட்லாந்தில் 1743க்குப் போய் மாட்டிக்கொள்கிறாள். ஆங்கிலேய அதிகாரி ஒருவனிடம் ஒப்படைக்கப்படாமல் தப்பிக்க, ஜேமி என்ற இளைஞனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய நிலை. அவளுக்கு அவள் காலத்தில் கணவன் இருக்கிறான், அவனை நேசிக்கிறாள். ஜேமிக்கு எந்தப் பெண்ணோடும் பழக்கமில்லை.

இதில் அவர்கள் முதலில் செய்வது பேசுவது. ரொம்ப நேரம் பேசுகிறார்கள். அவள் தைரியத்துக்குக் குடித்துக்கொண்டே இருக்கிறாள், அவன் குடும்பத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்கிறான், இரண்டு பேரும் அந்த நேரத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று நமக்கும் தெரிகிறது. முதல் தடவை அவசரமாக, சொதப்பலாக முடிந்துவிடுகிறது. அவனுக்கு எதுவும் தெரியாது, அவளுக்கு மனம் வேறெங்கோ இருக்கிறது, இரண்டும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. அதே ராத்திரியில் அடுத்தடுத்து வரும் காட்சிகள் வேறு வேறு மாதிரி, ஏனென்றால் நடுவில் பேசியதால் அந்த ஆட்களே கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். அவளுக்குப் பிடித்துப்போகிறது, பிடித்துப்போனதே குற்ற உணர்ச்சியாகவும் இருக்கிறது. கடைசியில் பழைய கணவன் போட்ட மோதிரம் நழுவி உருளும்போது பதறி ஓடி எடுக்கிறாள். அந்தப் படுக்கையறைக் காட்சிகளை எடுத்துவிட்டால் அந்த எபிசோடும் இல்லை, அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பதும் புரியாது. எழுதியவர் ஆன் கென்னி, இயக்கியவர் அன்னா ஃபோர்ஸ்டர், இரண்டு பேருமே பெண்கள். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

காசிமேடு_கரை

தொடர் இல்லை, படம்தான், ஆனாலும் நம் ஊர் விஷயம் என்பதால் சொல்கிறேன். 2018ல் ‘வடசென்னை’ வந்தபோது ராஜனும் சந்திராவும் நடுக்கடலில் படகில் இருக்கிற முதலிரவுக் காட்சிக்கு எங்கள் மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்தார், காட்சியை நீக்கிவிட்டார்கள்.

அதை இன்னும் யோசிக்கிறேன். படகு எங்களுக்குச் சோறு போடுவது. எங்கள் வீட்டில் அதற்குச் சூடம் காட்டாமல் யாரும் சீசனில் முதல் தடவை கடலுக்குப் போனதில்லை. அதனால் வலி நியாயமானது, நானும் அன்றைக்கு வருத்தப்பட்டவன்தான். ஆனால் ராஜன் என்கிற அந்த ஆளை மட்டும் பார்த்தால், கரையில் எல்லாருக்கும் பொதுவான மனுஷன், தனியாக இருக்க அவனுக்குக் கடலை விட்டால் வேறு இடம் ஏது? வாசகி சகோதரி சொன்ன ஒற்றை அறைப் பிரச்சினைக்கு அந்தக் கதை சொன்ன பதில் அதுதான் என்று எனக்குப் படுகிறது. பாத்திரத்துக்கு உண்மையாக இருப்பது ஒன்று, அந்த மண்ணின் மனசுக்கு உண்மையாக இருப்பது இன்னொன்று. இரண்டும் மோதினால் எதை விடுவது என்று எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை.

ராயபுரம்_அம்மா

பிள்ளைகளா, என் வயசுக்கு இதில் வந்து பேசலாமா என்று யோசித்தேன், சரி பேசுகிறேன்.

சீரியலில் நாயகி ஒருநாளும் ஆசைப்பட மாட்டாள், கவனித்திருக்கிறீர்களா? தானாகப் போய்க் கணவன் தோளில் கை வைக்கிறவள் வில்லிதான், அவளுக்கு உதட்டுச் சாயமும் தனி இசையும் உண்டு. நல்லவள் வெட்கப்பட்டுத் தலை குனிவாள், இல்லாவிட்டால் வழுக்கி விழுவாள். அவளுக்கு ஆசை வந்தது என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அவளை வழுக்க வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். தைரியமாக வேலைக்குப் போகிறாள், கோர்ட் வரைக்கும் போகிறாள், ஆனால் கட்டினவனிடம் ‘இங்கே வந்து உட்காருங்க’ என்று அவளால் சொல்ல முடியாதாம். அது அந்தப் பெண்ணே இல்லையே.

அப்புறம் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் போதும், அம்மா அப்பாவுக்கு நடுவில் எதுவுமே கிடையாது, மாத்திரை கொடுப்பதும் காபி கொடுப்பதும்தான். எங்கள் வயசில் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடும்போது இருக்கிற நெருக்கத்தை இதுவரை எவனாவது எடுத்திருக்கிறானா? முத்தம் கேட்கவில்லை தம்பி. தேய்க்கிற கை யாருடைய கை என்று தெரிகிற மாதிரி எடுங்கள், போதும்.

மணலி_ஷிஃப்ட்

அம்மா, வில்லி விஷயம் நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. என் வீட்டில் ஓடுகிற சீரியலிலும் அப்படியேதான். மற்றபடி மஞ்சள் விளக்கை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வண்ணை_வாசகி

அம்மா, நீங்கள் எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், ‘சரியாத்தான் சொல்லியிருக்கு அந்த அம்மா’ என்றார். அவுட்லேண்டர் சொன்ன சகோதரிக்கு நன்றி, இந்த வாரமே பார்க்கிறேன். மணலி அண்ணா, விளக்கு இருக்கட்டும், அதன் கீழே அதே போலீஸ்காரர் இருந்தால் எனக்கும் சம்மதம்.

கட்டிங்_டேபிள் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒரு வரி மாண்டேஜை எழுதுவது யார்? உங்கள் பக்கம் பெண்கள் எழுதுகிறார்களா?

கட்டிங்_டேபிள்

வசனத்தில் ஒரு அக்கா இருக்கிறார். போன வருஷம் ஒரு முதலிரவுக் காட்சியை அவர் முழுசாக எழுதிக் கொடுத்தார். கல்யாணப் பொண்ணு உள்ளே வந்ததும் தலையில் குத்துகிற ஹேர்பின்னை ஒவ்வொன்றாக எடுக்கிறாள், முடியவில்லை, அவனை எடுக்கச் சொல்கிறாள். அவன் எடுத்துக்கொண்டே, பகலில் அவள் அப்பாவிடம் தான் கத்தியதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். அவள் ‘அதை இப்ப பேச வேண்டாம், நாளைக்குப் பேசலாம், ஆனா கண்டிப்பா பேசணும்’ என்கிறாள். சேனலிலிருந்து பொண்ணு ரொம்பப் பேசுகிறாள் என்று சொல்லிப் பாதியை எடுக்கச் சொன்னார்கள். ஹேர்பின் மட்டும் தப்பித்தது, எடிட்டில் நான் அதற்குப் பாட்டு போடவில்லை. அந்த எபிசோடுக்குக் கீழே வந்த கமெண்ட்களில் நிறையப் பெண்கள் அந்த ஹேர்பின்னைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அடுத்த தடவை வசனத்தையும் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்க அந்த அக்கா அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.