சொந்த லேண்ட்மாஸ்டரில் வாடகை உழவு: எதைக் கவனிக்கணும்?

கேள்வி:
இலங்கை மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் இருக்கிறோம். லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு கை ட்ரக்டர்), ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கத்தி), ட்ரெய்லர் எல்லாம் சொந்தம். ஓய்வு நாள்ல மரக்கறித் தோட்டம் உழுது கொடுக்க யோசனை. காசை எப்படிக் கணக்குப் போடுறது?

பதில் 1:
தம்பி, பேர்ச் கணக்கில், அதாவது நில அளவை வச்சு, பேசாதீங்க. நம்ம படிக்கட்டுத் துண்டுகள்ல திருப்புறதுக்கே பாதி நேரம் போகும். மணிக்கணக்குதான் சரி, ஏற்றி இறக்கும் செலவு தனி. டேங்கை நிரப்பி ஒரு மணிநேரம் உழுங்க, திரும்ப நிரப்பினா டீசல் செலவு தெரியும். அதோட ஒயில், கத்தி, பெல்ட் தேய்மானம், உங்க கூலியையும் சேருங்க.

பதில் 2:
உயிர் போற விஷயத்தை முதல்ல சொல்றேன். ட்ரெய்லரோட இறக்கத்தில் இறங்கும்போது திருப்புறதுக்குப் பிடிக்கிற கைப்பிடி கிளட்ச் தலைகீழா வேலை செய்யும். இடது கிளட்சைப் பிடிச்சா அந்தச் சில்லு விடுபட்டு வேகமா உருளும், மற்றதை என்ஜின் இழுத்துப் பிடிக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். அதனால மேட்டிலேயே சின்ன கியர் போட்டு, கிளட்சைத் தொடாம கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்க. ரோட்டுக்கு கை ட்ரக்டருக்கான ஜி1 வகுப்பு லைசன்ஸும் வேணும்.

பதில் 3:
சரிவுக்குக் குறுக்கே மட்டும் உழுங்க, மேலிருந்து கீழே உழுதா அடுத்த மழையில் மேல்மண் போயிரும். மண்ணைக் கையில் பிடிச்சு உருட்டிப் பாருங்க. உருண்டை உடையலன்னா ஈரம் அதிகம், உழவைத் தள்ளிப் போடுங்க. கத்தி போல்ட்டை ஒவ்வொரு வேலைக்கு முன்னும் இறுக்குங்க.

இன்னொண்ணு: உருளைக்கிழங்குத் தோட்டத்துல இருந்து கிளம்புமுன் கத்தி, சில்லு எல்லாம் கழுவணும். வாடல் நோயும் நூற்புழுவும் ஒட்டின மண்ணோடதான் அடுத்த தோட்டத்துக்குப் போகுது.