நம்ம குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சனிக்கிழமை, இரவு 8:41

அம்மா: சாப்டியாப்பா?

நான்: ஆச்சும்மா. மிச்சிகன் யூனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சுக்கு நடந்து போயிட்டிருக்கேன். இங்க பகல் 12 மணிக்கு ஆட்டம். ரோடு பூரா மஞ்சளும் நீலமும்தான்

அத்தை: கூட்டத்துல ஃபோனைப் பத்திரமா வச்சுக்கோ. எத்தனை பேர் வருவாங்க?

நான்: மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 சீட்டு அத்தை. இந்த ஆன் ஆர்பர் ஊர் ஜனத்தொகையே ஒன்னேகால் லட்சத்தைத் தாண்டல 😄

மச்சான்: அகமதாபாத் ஸ்டேடியத்தை விடப் பெருசா?

நான்: இல்லடா, அது 1,32,000. அமெரிக்காவுல இதுதான் பெருசு

மச்சான்: பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடுறதுக்குப் பேரு ஃபுட்பால். நல்லா இருங்கடா

நான்: உன் ஃபுட்பாலும் இங்க நடந்திருக்கு. 2014ல மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட். 1,09,318 பேர்

மச்சான்: தெரியும் தெரியும். 3-1 😎

பெரியப்பா: நீ போட்ட போட்டோவைப் பார்த்தேன். காம்பவுண்டு சுவர் உசரம்தான் இருக்கு. இதுலயா ஒரு லட்சம் பேர்? கணக்கு உதைக்குதே

நான்: அது ஒரு முனையில இருக்கிற வாசல் பெரியப்பா. உள்ள நுழைஞ்சா நாம மேல் படியில நிப்போம். மைதானம் கீழ கெடக்கும், கிணத்துல எட்டிப் பார்க்கிற மாதிரி. பெரும்பகுதி மண்ணுக்குள்ளதான். ரெண்டு பக்கமும் இருக்கிற செங்கல் கட்டடம் 2010ல முடிச்சது

பெரியப்பா: அவ்வளவு ஆழம் தோண்டினா ஊத்து வந்திருக்கணுமே

நான்: வந்துச்சு. ஈர மண்ணுல ஒரு கிரேன் புதைஞ்சு போய், எடுக்க முடியாம இன்னும் அடியிலயே கெடக்குன்னு இங்க எல்லாரும் சொல்வாங்க

பெரியப்பா: கட்டுக்கதை. என் பி.டபிள்யூ.டி. சர்வீஸ்ல ஒவ்வொரு அணைக்கட்டுலயும் இப்படி ஒன்னு கேட்டிருக்கேன். யார் கட்டினது?

நான்: ஃபீல்டிங் யோஸ்ட். முன்னாடி மிச்சிகன் டீமுக்குக் கோச்சா இருந்தவர். 1902ல முதல் ரோஸ் பவுல் போட்டியில ஸ்டான்ஃபோர்டை 49-0ன்னு அடிச்ச டீம் அவரோடதுதான். ஸ்டேடியம் 1927ல திறந்தாங்க, செலவு 9,50,000 டாலர். காசுக்குக் கடன் பத்திரம் வித்தாங்க. ஒன்னு 500 டாலர், மொத்தம் 3,000 பத்திரம்

அத்தை: நம்ம ஏலச்சீட்டு மாதிரியா?

நான்: கிட்டத்தட்ட 😂 பத்திரம் வாங்கினவங்களுக்கு டிக்கெட் வாங்குற உரிமை கொடுத்தாங்க. பெரியப்பா, உங்களுக்குப் பிடிச்ச சங்கதி இனிமேதான். முதல்ல கட்டினது 72,000 பேருக்கு. ஆனா ஒரு லட்சத்துக்கு மேல ஏத்துற மாதிரி அடித்தளத்தை அப்பவே போட்டு வச்சுட்டார்

பெரியப்பா: 👏 அவன்தான்யா மனுசன். நாங்க மாடி எழுப்ப வசதியா தூண் போடச் சொன்னா, செலவுன்னு கையெழுத்தே போட மாட்டாங்க

நான்: 1956ல 1,01,001 ஆச்சு

அம்மா: அது என்ன மொய் மாதிரி ஒன்னு கூட?

நான்: அப்ப இருந்த விளையாட்டு இயக்குநர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் பேருல ஒரு சீட்டும்மா. எந்த சீட்டுன்னு யாருக்கும் சொல்றதில்ல. அதுலேர்ந்து எப்பக் கூட்டினாலும் கணக்கு ஒன்னுலதான் முடியும்

அம்மா: தெரியாம நீ அதுல போய் உக்காந்துறாத

நான்: பெரும்பாலான சீட்டு பெஞ்சுதான்மா. நம்பர் போட்டிருக்கும். கேட்டுக்கு வந்துட்டேன், அப்புறம் பேசுறேன்

இரவு 11:56

பெரியப்பா: தம்பி, அந்த கிரேன் எந்தப் பக்கம் புதைஞ்சுதுன்னு யார்ட்டயாவது கேட்டுச் சொல்லு